குடிநீர்க் குழாய் வலையமைப்பும் மெஷின் லேர்னிங்கும்: ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி இதுதான்: "கணினி அறிவியல் படித்தவன் நான். குடிநீர் விநியோக வலையமைப்புகளில் மெஷின் லேர்னிங் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. நீரியல் அவ்வளவாகத் தெரியாது. கசிவு கண்டுபிடிப்பதை எல்லோரும் செய்து முடித்துவிட்டார்கள் போலத் தெரிகிறது. கிராஃப் நியூரல் நெட்வொர்க் பக்கம் போகலாமா? இப்போது எதில் வேலை நடக்கிறது?"

முதலில் அந்த "செய்து முடித்துவிட்டார்கள்" என்பதைப் பார்த்துவிடுவோம். கசிவைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன என்பது உண்மை. கசிவு குறைந்ததா என்றால் அது வேறு கதை. 2019-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, குழாயில் ஏற்றிவிட்டும் கட்டணமாகத் திரும்பி வராத தண்ணீர் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 12,600 கோடி கன மீட்டர். பண மதிப்பில் 3,900 கோடி டாலர். திருட்டும் தப்பாக ஓடும் மீட்டரும் இதில் அடக்கம், ஆனால் கணிசமான பங்கு மண்ணுக்குள்தான் போகிறது. கட்டுரையில் துல்லியம் தொண்ணூறைத் தாண்டி நிற்கும். தெருவில் பள்ளம் தோண்ட நிற்பவருக்கோ எங்கே தோண்டுவது என்று தெரியாது. இந்த இடைவெளி ஏன் என்று புரிந்தால் ஆராய்ச்சி போகும் திசையும் புரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200 மி.மீ. விட்டமுள்ள குழாய், 500 மீட்டர் நீளம், கொஞ்சம் பழையது (குழாயின் உட்புறம் எவ்வளவு வழவழப்பு என்பதைச் சொல்லும் ஹேசன்-வில்லியம்ஸ் கெழு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள்). பகலில் அதில் விநாடிக்கு 20 லிட்டர் ஓடுகிறது. உராய்வால் இழக்கும் அழுத்தம் சுமார் 1.6 மீட்டர் (இந்தத் துறையில் அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாகச் சொல்வார்கள்). இப்போது குழாயின் மறுமுனைக்கு அப்பால் எங்கோ விநாடிக்கு 2 லிட்டர் கசியத் தொடங்குகிறது. ஓட்டம் 22 ஆகிறது, இழப்பு 1.9 மீட்டர் ஆகிறது. அதாவது மறுமுனையில் இருக்கும் அழுத்த சென்சாரில் 30 சென்டிமீட்டர் இறக்கம். அதே கசிவை அதிகாலை 3 மணிக்குப் பாருங்கள். ஊர் தூங்குகிறது, குழாயில் 3 லிட்டர்தான் ஓடுகிறது. கசிவு சேர்ந்தால் 5. அழுத்த இழப்பில் வரும் வித்தியாசம் வெறும் 7 சென்டிமீட்டர்.

வேடிக்கை என்னவென்றால், ஓட்ட மீட்டரில் இது தலைகீழ். பகலில் 20 என்பது 22 ஆனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சில பேர் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினாலே அவ்வளவு ஏறிவிடும். அதிகாலையில் 3 என்பது 5 ஆனால் குருடனுக்கும் தெரியும். ஆக, கசிவு *இருக்கிறதா* என்பதை இரவு ஓட்டம் சொல்கிறது. அது *எங்கே* என்பதைப் பகல் அழுத்தம் சொல்கிறது. ஆனால் பகலில்தான் மக்களின் பயன்பாடு கண்டபடி ஏறி இறங்கி அந்த 30 சென்டிமீட்டரை மறைக்கிறது. இரவின் 7 சென்டிமீட்டரோ, சென்சாரின் பிழையும் அதைப் பொருத்திய இடத்தின் உயரத்தை அளந்ததில் உள்ள பிழையும் சேர்ந்தால் காணாமல் போய்விடும். நியூரல் நெட்வொர்க்கில் எத்தனை அடுக்கு சேர்த்தாலும், சிக்னலில் இல்லாத தகவலை அது உண்டாக்கித் தராது. களத்து ஆட்கள் பல பத்தாண்டுகளாக வலையமைப்பைச் சிறு அளவீட்டு மண்டலங்களாகப் பிரித்து, நுழைவாயிலில் மீட்டர் வைத்து, இரவின் குறைந்தபட்ச ஓட்டத்தைக் கவனித்து வருவது இதனால்தான். உங்கள் மாடல் முதலில் ஜெயிக்க வேண்டியது இந்தப் பழைய முறையை.

இரண்டாவது தடை, டேட்டாவில் விடை குறிக்கப்படாதது. "இந்தத் தேதி, இந்த மணி, இந்தக் குழாயில் கசிவு தொடங்கியது" என்று எந்த நிறுவனத்திலும் சுத்தமான பதிவு கிடைக்காது. புகார் வந்த நாள் தெரியும், சரிசெய்த நாள் தெரியும். தொடங்கிய நாள் யாருக்கும் தெரியாது. அதனால் பெரும்பாலான ஆய்வுகள் சிமுலேஷன் டேட்டாவில் நடக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட எபாநெட் என்ற, குழாய்களின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் இலவச மென்பொருள்தான் இன்றும் இதற்கு அடித்தளம். அதைப் பைத்தானில் இயக்குவதற்கு 'வின்டர்' என்று அழைக்கப்படும் தொகுப்பு இருக்கிறது. சிமுலேஷனில் கற்று, சிமுலேஷனிலேயே தேர்வு எழுதினால் யாருக்கும் நல்ல மதிப்பெண் வரத்தானே செய்யும்?

இதைச் சரிசெய்ய இந்தத் துறை கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: போட்டி வைப்பது. விடையை ஒளித்துவைத்துவிட்டு டேட்டாவை மட்டும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். 2020-இல் நடந்த பேட்டில்டிம் போட்டிக்கு, சைப்ரஸின் லிமசோல் நகர வலையமைப்பை ஒட்டி 'எல்-டவுன்' என்ற கற்பனை ஊர் உருவாக்கப்பட்டது. 782 சந்திகள், 33 அழுத்த சென்சார்கள், 5 நிமிடத்துக்கு ஒரு அளவீடு. 2018-ஆம் ஆண்டு டேட்டாவை வைத்துக் கற்றுக்கொண்டு, 2019-இல் ஒளிந்திருக்கும் 23 கசிவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண் துல்லியச் சதவீதத்தில் இல்லை, மிச்சப்படுத்திய பணத்தில். கண்டுபிடித்தது தாமதமானாலும் தப்பான இடத்தைக் காட்டினாலும் நஷ்டம். கொடுத்த எபாநெட் மாதிரியிலும் வேண்டுமென்றே சில பிழைகள் இருந்தன, நிஜத்தில் இருப்பதைப் போலவே. இதில் முன்னணிக்கு வந்தவர்களில் பலர் நீரியல் மாதிரியைத் தூக்கி எறியவில்லை. அதைச் சரிப்படுத்தி, அதற்கும் அளவீட்டுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசத்தின் மேல் புள்ளியியலை ஓட்டினார்கள்.

இதற்கு முன்பே இந்தப் பாடம் ஒருமுறை வந்திருந்தது. படாடல் என்ற போட்டி சைபர் தாக்குதலைக் கண்டுபிடிப்பதற்கானது. 'சி-டவுன்' வலையமைப்பில் 7 தொட்டிகள், 11 பம்புகள். மணிக்கு ஒரு பதிவு. ஊடுருவியவர் தொட்டியின் நீர்மட்ட அளவைப் பொய்யாகக் காட்டுவார், பழைய பதிவையே திரும்ப ஓட்டுவார். கலந்துகொண்ட 7 அணிகளில் நியூரல் நெட்வொர்க்குகளும் இருந்தன. முதலிடம் பிடித்தது எபாநெட்டை மையமாக வைத்த முறை. பம்பு ஓடுகிறது, வால்வு திறந்திருக்கிறது, ஆனாலும் தொட்டி நிறையவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள லட்சக்கணக்கான உதாரணங்கள் தேவையில்லை, தண்ணீர் எங்கும் மாயமாக மறையாது என்ற ஒரு விதி போதும்.

சரி, கணுக்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான அமைப்பின் (கிராஃப்) மேல் கற்கும் கிராஃப் நியூரல் நெட்வொர்க்குக்கு வருவோம். உங்கள் ஆசையில் தப்பில்லை. சந்திகள் கணுக்கள், குழாய்கள் இணைப்புகள். வலையமைப்பே ஒரு கிராஃப், பொருத்தம் அச்சு அசலாக இருக்கிறது. 2020-க்குப் பிறகு இந்தத் துறையில் வேகமாக வளர்ந்த கிளை இதுதான். முக்கியப் பயன் இரண்டு. சென்சார் இல்லாத சந்திகளின் அழுத்தத்தை, இருக்கும் ஒருசில சென்சார்களிலிருந்து ஊகிப்பது ஒன்று. எபாநெட் செய்யும் கணக்கையே வேகமாகச் செய்யும் பதிலி மாடலாக நிற்பது மற்றொன்று.

ஆனால் சமூக வலைத்தளத்துக்காக உருவான கட்டமைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் காலை வாரிவிடும். சமூக வலைத்தளத்தில் யாரிடமிருந்தும் யாருக்கும் நாலைந்து தாவலில் போய்விடலாம். குழாய் வலையமைப்பில் ஒரு சந்திக்கு இரண்டு மூன்று குழாய்கள்தான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஐம்பது, அறுபது சந்திகளைக் கடக்க வேண்டியிருக்கும். மூன்று அடுக்கு மாடலில் தகவல் மூன்று சந்தி தூரம்தான் நகரும். பம்பை நிறுத்தினால் ஊர்க்கோடியில் அழுத்தம் விழுகிறது. மாடலுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது. அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாக் கணுக்களின் மதிப்பும் ஒன்றுபோல் கரைந்துபோகும் வேறொரு நோய் வரும். இப்போதைய நல்ல வேலைகள் பலவும் இந்த முடிச்சை அவிழ்ப்பவைதான்: எதற்கு எவ்வளவு கவனம் தருவது என்று மாடலே கற்கும் அட்டென்ஷன் சேர்ப்பது, கணுவை விட்டுவிட்டு இணைப்பில் ஓடும் ஓட்டத்தைக் கற்பது, ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மாறி மாறித் திருத்திக்கொண்டு நிறைச் சமநிலை (சந்திக்குள் வருவதும் வெளியே போவதும் சமம்) வரும்வரை சுற்றுவது. கடைசியில் சொன்னதை உற்றுப் பார்த்தால், எபாநெட்டுக்குள் இருக்கும் தீர்வுமுறையையே நியூரல் வடிவில் திரும்ப எழுதுவது போலிருக்கும். அது குறை இல்லை. அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

பதிலி மாடல் பற்றி ஒரு எச்சரிக்கை. "எபாநெட்டை விட நூறு மடங்கு வேகம்" என்று எழுதுவதற்கு முன், யாருக்கு அந்த வேகம் தேவை என்று கேளுங்கள். நடுத்தர வலையமைப்பின் ஒரு நேரப்புள்ளியை எபாநெட் கண் இமைப்பதற்குள் தீர்த்துவிடும். வேகம் பயன்படுவது குழாய் விட்டத்தையோ பம்பு நேரத்தையோ உகப்பாக்கும்போது, லட்சம் தடவை கணக்கைத் திரும்ப ஓட்ட வேண்டிய இடத்தில். அல்லது குளோரின் எப்படிக் குறைகிறது என்பது போன்ற, சிறு சிறு கால அடிகளில் நாள்கணக்காக ஓட வேண்டிய நீர்த்தரச் சிமுலேஷனில். அந்த இரண்டாவது இடத்தில் கூட்டம் இன்னும் குறைவு.

அப்புறம், ஒரு வலையமைப்பில் கற்றதை வேறொரு வலையமைப்பில் பயன்படுத்த முடியுமா என்பது இப்போதைய பெரிய கேள்வி. பாதுகாப்புக் காரணத்தால் நிஜ வலையமைப்பின் வரைபடத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே தருவதில்லை. அதனால் நிறைய செயற்கை வலையமைப்புகளையும் அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான நிலைமைகளையும் உண்டாக்கி, அவற்றில் ஒரு பொது மாடலைப் பழக்கி, பிறகு நிஜ ஊரில் கொஞ்சம் டேட்டாவோடு திருத்திக்கொள்ளும் முயற்சிகள் நடக்கின்றன. கணினி அறிவியல்காரருக்கு இது நல்ல களம்.

இன்னொரு பெரிய கிளை, எந்தக் குழாய் அடுத்து உடையும் என்று கணிப்பது. இங்கே நியூரல் நெட்வொர்க்கை விட மர வகை மாடல்களே நன்றாக வேலை செய்கின்றன: ரேண்டம் ஃபாரஸ்ட், கிரேடியன்ட் பூஸ்டிங், கூடவே, ஒன்று எவ்வளவு காலம் தாங்கும் என்று கணிக்கும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. டேட்டா ஓர் அட்டவணைதான்: வயது, உலோகம், விட்டம், மண், அழுத்தம், பழைய உடைப்புகள். எளிமையாகத் தெரிகிறதல்லவா? அங்கேதான் கண்ணி இருக்கிறது.

நான் பார்த்த ஒரு தரவுத்தொகுப்பைச் சொல்கிறேன், யாருடையது என்பது வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே மாடல் அசத்தியது. சந்தேகம் வந்து, எந்தப் பத்தி அதிகம் பங்களிக்கிறது என்று பார்த்தால், குழாயின் உலோகம். சரி, வார்ப்பிரும்பு உடைகிறது போல என்று நினைத்துத் தோண்டினால் விஷயம் வேறு. பாதிக்கு மேற்பட்ட குழாய்களுக்கு உலோகம் என்ற கட்டமே காலி. உடைந்ததைச் சரிசெய்யப் போன ஊழியர் பள்ளத்தில் குழாயைக் கண்ணால் பார்த்து, திரும்பி வந்து அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். ஆக மாடல் கற்றுக்கொண்டது "கட்டம் நிரம்பியிருந்தால் உடைந்த குழாய்" என்பதை மட்டுமே. கசிவைத் தேடப்போன இடத்தில் தரவுக் கசிவு! பதித்த ஆண்டு என்ற பத்தியிலும் ஒரே ஆண்டு நூற்றுக்கணக்கான முறை வந்தது. தெரியாதவற்றுக்கெல்லாம் யாரோ ஒருவர் அந்த ஆண்டைப் போட்டு வைத்திருந்தார். அந்த நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்த மேற்பார்வையாளர் அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் மூன்று வாரம் செலவழித்துக் கண்டுபிடித்தது அவருக்கு முதல் நாளே தெரியும்.

மதிப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். ஓராண்டில் நூற்றில் ஒரு குழாய் உடைகிறது என்றால், "எதுவும் உடையாது" என்று சொல்லும் மாடலுக்கே 99 சதவீதத் துல்லியம். வரிசைகளைச் சீட்டுக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் ஒரே குழாய் இரண்டு பக்கமும் வந்துவிடும். காலத்தால் பிரியுங்கள்: இந்த ஆண்டுவரை பயிற்சி, அடுத்த ஆண்டு சோதனை. பிறகு, நிறுவனத்திடம் ஆண்டுக்கு நூறில் இரண்டு குழாயை மாற்றத்தான் பணம் இருக்கிறதென்றால், நீங்கள் காட்டும் முதல் இரண்டு சதவீதத்தில் எத்தனை உடைப்புகள் அடங்கின? அந்த எண்ணை எழுதுங்கள்.

களத்தில் மெஷின் லேர்னிங் என்ன செய்ய முடியும், அதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம். 2014-இல் நீர் ஆதாரத்தை மாற்றி, அரிப்புத் தடுப்பைச் செய்யாமல் விட்டதால் ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் இறங்கியது. எந்த வீட்டுக்குப் போவது ஈயக் குழாய் என்பதற்கான பதிவுகள் கையால் எழுதிய பழைய அட்டைகளில், அரைகுறையாக இருந்தன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டின் வயது, இடம், பழைய பதிவு ஆகியவற்றை வைத்து நிகழ்தகவு கணித்தார்கள்; தோண்டிப் பார்த்த ஒவ்வொரு முடிவையும் மாடலுக்குத் திரும்ப ஊட்டினார்கள். 2017-இல் பள்ளம் தோண்டிய வீடுகளில் சுமார் 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. 2018-இல் நகரம் அந்த மாடலைக் கைவிட்டு வேறு முறையில் தோண்டியபோது அது 15 சதவீதத்துக்கு விழுந்தது. பின்னர் நீதிமன்ற உடன்பாட்டின் வழியே மாடலுக்கே திரும்பினார்கள். மாடல் ஒன்றும் அதிசயம் இல்லை. அடுத்து எங்கே தோண்டினால் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று மாடலே சொல்வது, தோண்டியதன் முடிவு திரும்பி வருவது, இந்த வட்டம்தான் சரக்கு. கசிவு தேடலில் இதே வட்டத்தைச் சரியாகக் கட்டியவர்கள் குறைவு. உங்களுக்குத் தலைப்பு வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது இந்த இடத்தை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்த் தேவை முன்கணிப்பு பழுத்துவிட்ட பிரிவு. 2024-இல் இத்தாலியின் ஃபெராராவில் 10 மண்டலங்களின் நிஜ டேட்டாவோடு இதற்கே ஒரு போட்டி நடந்தது. எல்எஸ்டிஎம்மோ டிரான்ஸ்ஃபார்மரோ (இரண்டும் தொடர் டேட்டாவைக் கற்கும் நியூரல் நெட்வொர்க்குகள்), எதை எடுத்தாலும் "போன வாரம் இதே கிழமை, இதே மணி" என்ற எளிய கணிப்போடு ஒப்பிடாமல் வெளியிடாதீர்கள். பம்பு இயக்கத்துக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் அழகாக இருக்கிறது, ஆனால் ஊருக்குத் தண்ணீர் தரும் பம்பின் கட்டுப்பாட்டைத் தானே பரிசோதித்துக் கற்கும் ஒன்றிடம் எந்த இயக்குநரும் ஒப்படைக்க மாட்டார். அதனால் பாதுகாப்பு எல்லைகளை மீறாமல் கற்பது என்ற பகுதிதான் அதில் உயிருள்ளது. சென்சாரை எங்கே பொருத்துவது என்பதில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு: மாசு பரவுவதைச் சீக்கிரம் பிடிக்க எந்தச் சந்திகளில் சென்சார் வைப்பது என்ற கணக்கும், செய்தி பரவுவதைச் சீக்கிரம் அறிய எந்த வலைப்பதிவுகளைப் படிப்பது என்ற கணக்கும் ஒன்றே என்று 2007-இல் காட்டி, இரண்டையும் ஒரே அல்காரிதத்தால் தீர்த்தார்கள். மொழி மாடல்களை எபாநெட்டோடு இணைத்து "இந்த வால்வை மூடினால் யாருக்குத் தண்ணீர் வராது?" என்று பேச்சு மொழியில் கேட்கும் முயற்சிகளும் கிளம்பியிருக்கின்றன. இடைமுகமாகப் பயன்படும், விடையைக் கணக்கிட வேண்டியது எபாநெட்தான்.

கவனிக்கப்படாத ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன எல்லாமே குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்கின்றன. உலகில் கோடிக்கணக்கான பேருக்குத் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. அங்கே குழாய் தினமும் காலியாகி நிறைகிறது, காற்று உள்ளே புகுகிறது, வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தொட்டியை நிரப்புகிறார்கள். இரவுக் குறைந்தபட்ச ஓட்டம் என்ற கருத்தே அங்கே செல்லாது. 2022-இல் வலென்சியாவில் இடைவிட்ட விநியோகத்துக்கென ஒரு போட்டி வைத்தார்கள் என்றாலும், இதில் கற்கும் மாடல்கள் சொற்பம். கடினமான களம், போட்டி குறைவு.

நீரியல் தெரியாது என்றீர்களே. ஓராண்டுப் படிப்பெல்லாம் வேண்டாம். நிறைச் சமநிலை, ஆற்றல் இழப்பு, அழுத்தத்தைப் பொறுத்து மாறும் கசிவு, பம்பு வளைவு (ஓட்டத்துக்கேற்பப் பம்பு தரும் அழுத்தம்): இந்த நான்கும் இரண்டு மாதத்தில் பிடிபடும். முதல் மாதம் எல்-டவுன் மாதிரியை இறக்கி, மேலே நான் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒரு சந்தியில் 2 லிட்டர் கசிவு வைத்து, 33 சென்சார்களும் பகலில் எவ்வளவு அசைகின்றன, அதிகாலையில் எவ்வளவு அசைகின்றன என்று வரைபடம் போடுங்கள். பிறகு பயன்பாட்டில் பத்து சதவீத இரைச்சலைச் சேர்த்து அதே வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள். எந்தெந்தச் சென்சாரில் கசிவு இன்னும் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் மாடலைத் தேர்ந்தெடுங்கள்.